பெயரும் பார்வையும்: பிரித்தானிய இனங்காண் நூல்கள் பற்றிய ஒரு நோக்கு

இலக்கிய விமர்சகர்கள் எட்டியும் பாராத நூல்வகைகள் சில உள. பஞ்சாங்கம், சமையற் குறிப்பு, பயண வழிகாட்டி ஆகியவற்றோடு, பறவைகளையும் பூச்சிகளையும் காட்டுப் பூக்களையும் இனங்காண உதவும் கைந்நூல்களும் அவ்வரிசையைச் சேர்ந்தவை. பயன்பாட்டு நூல்கள் என்று அவற்றை ஒதுக்கிவிடுவது எளிது. ஆயினும் ஒரு சமுதாயம் தன்னைச் சூழ்ந்த உயிர்களை எவ்வாறு நோக்கிற்று, அவற்றுக்குப் பெயரிடும் உரிமையை யாருக்கு வழங்கிற்று, எவருடைய அறிவை அறிவென ஏற்றுக்கொண்டது என்பனவற்றை அறிய விரும்புவோர்க்கு இக்கைந்நூல்களைக் காட்டிலும் நேரிய சான்று கிடைப்பது அரிது. கவிஞன் தன் நோக்கினை அணிகளால் மறைக்கலாம். கைந்நூலாசிரியனுக்கு அவ்வசதி இல்லை. 'இது இன்ன பறவை' என்று அவன் அறுதியிட்டுக் கூறியே ஆகவேண்டும்.

இவ்வகை நூல்கள் மிகச் செழித்து வளர்ந்த நாடு பிரித்தானியா. அங்கே கடந்த இரண்டரை நூற்றாண்டுகளில் இவற்றின் போக்கு எவ்வாறு மாறிற்று என்பதையும், அம்மாற்றத்தை விளக்குதற்கு வழக்கமாகக் கூறப்படும் ஒரு கருத்து எவ்வளவிற்குப் பொருந்தும் என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கிராமத்து மக்கள் வழங்கிய பெயர்கள் உயிருள்ளவை, மக்களுக்குரியவை. இலத்தீன் பெயர்களும் அவற்றைச் சார்ந்த பகுப்புமுறையும் உயர் வர்க்கத்தினரின் ஆதிக்கக் கருவிகள் என்பதே அக்கருத்து. முற்போக்குச் சிந்தனையுடையோரை இது எளிதிற் கவரும். எனினும் வரலாறு இதற்கு முழுமையாக இடந்தருவதாயில்லை.

தொடக்கமாக, இங்கிலாந்தின் ஹம்ப்ஷயர் மாவட்டத்திலுள்ள செல்போண் என்னும் சிற்றூரில் வாழ்ந்த கில்பேட் வைற் என்ற மதகுருவை நோக்கலாம். 1720 இற் பிறந்து 1793 இல் மறைந்த இவர், தோமஸ் பெனன்ற், டெயின்ஸ் பரிங்ரன் ஆகிய இருவருக்கும் எழுதிய கடிதங்களின் தொகுப்பாகச் செல்போணின் இயற்கை வரலாறு 1789 இல் வெளிவந்தது. ஒருபோதும் அஞ்சலிற் சேர்க்கப்படாது நூலுக்கென்றே எழுதப்பட்ட கடிதங்களும் அதனுள் உள. ஆகவே கடிதம் என்பது இங்கு ஓர் இலக்கிய உத்தியே எனலாம்.

வைற்றின் சாதனைகளுள் தலையாயது, அதுவரை 'வில்லோ ரென்' என்ற ஒரே பெயரால் வழங்கிவந்த சிறு பறவை உண்மையில் மூன்று வேறு இனங்கள் என்று 1768 ஆம் ஆண்டில் நிறுவியமையாகும். சிஃப்சாஃப், வில்லோ வாப்ளர், வூட் வாப்ளர் என இன்று அழைக்கப்படுபவை அவை. இவற்றுள் முதலிரண்டும் உருவில் ஏறத்தாழ ஒன்றே. இரண்டும் பசுமை கலந்த பழுப்பு நிறத்தன. வில்லோ வாப்ளரின் கால் சற்று வெளிறியது. சிஃப்சாஃபின் கால் கருமை சார்ந்தது. சிறகின் நுனி முன்னதில் சிறிது நீண்டிருக்கும். இலைகளுக்கிடையே இடையறாது துள்ளித் திரியும் அரைக்கையளவுப் பறவையொன்றில் இவ்வேறுபாடுகளைக் கண்ணால் தேடுவது வீண் முயற்சி. ஆயின் அவை வாய் திறந்தவுடன் ஐயம் அகன்றுவிடும். சிஃப்சாஃப் தன் பெயரையே இரண்டு சுரங்களில் திரும்பத் திரும்பச் சொல்லும். வில்லோ வாப்ளரின் பாட்டோ மேலிருந்து படிப்படியாக இறங்கித் தேய்ந்து மறையும். மூன்றாவது பறவை பீச் மரக் காடுகளின் உச்சியிலிருந்து சிறகு நடுங்க வெட்டுக்கிளியின் ஓசையை ஒத்த ஒலியெழுப்பும். வைற் இவற்றை முதலிற் செவியாற் பிரித்தறிந்தார். பின்னரே இறந்த பறவைகளைக் கையிலெடுத்துத் தம் செவி சொன்னதைச் சரிபார்த்தார்.

இம்முறை குறித்து இரண்டு செய்திகள் மனங்கொள்ளத்தக்கன. முதலாவது, இவ்வறிவு ஓரிடத்தில் நிலைத்திருந்து பெற்ற அறிவு. ஆண்டுதோறும் அதே மரச்சாரலில், அதே மாதத்தில், அதே குரலுக்காகக் காத்திருந்த ஒருவருக்கே அது கைகூடும். இரண்டாவது, அத்தகைய காத்திருத்தலுக்கு ஓய்வு வேண்டும். நிலத்தில் உழைப்போரின் விளைச்சலிற் பங்குபெற்று வாழ்ந்த இங்கிலாந்துத் திருச்சபைக் குருமாருக்கு அவ்வோய்வு வாய்த்திருந்தது. அவ்வறிவும் குறையற்றதாக இருக்கவில்லை. தகைவிலான் குருவிகள் குளிர்காலத்தில் எங்கே செல்கின்றன என்ற வினா வைற்றை வாழ்நாள் முழுவதும் வருத்திற்று. அவற்றுட் சில இங்கிலாந்திலேயே எங்கோ மறைந்து உறங்குகின்றன என்ற எண்ணத்தை அவராற் கைவிட முடியவில்லை. ஓர் ஊரின் எல்லைக்குள் நின்று அதற்கு விடை காணவும் இயலாது. 1911 இல் ஸ்ரவோட்ஷயரிற் காலில் வளையமிடப்பட்ட ஒரு தகைவிலான் 1912 டிசம்பரில் தென்னாபிரிக்காவின் நேற்றாலிற் பிடிபட்ட பின்னரே அவ்வினா தெளிவுற்றது.

செல்போண் கடிதங்களுள் அறிவின் வர்க்கத்தன்மையை வெளிப்படையாகக் காட்டும் பகுதி ஒன்றுண்டு. விமர்சகர்கள் அதனை ஒரு விந்தைச் செய்தியாகவே கடந்துசெல்கின்றனர். தமது ஊரில் முன்னர் வாழ்ந்த புத்தி வளர்ச்சி குன்றிய சிறுவன் ஒருவனைப் பற்றி வைற் பரிங்ரனுக்கு எழுதுகிறார். குளிர்காலம் முழுவதும் அடுப்பருகே உறங்கிக்கிடக்கும் அச்சிறுவன், கோடை வந்ததும் வயல்களிலும் வெயில் படும் கரைகளிலும் தேனீக்களைத் தேடி அலைவான். தேனீ, பம்பிள் தேனீ, குளவி எதுவாயினும் வெறுங்கையாற் பிடித்துக் கொடுக்கை அகற்றி அதன் தேன்பையை உறிஞ்சுவான். சட்டைக்கும் உடலுக்குமிடையே அவற்றை நிறைத்துக்கொண்டு, வாயால் அவற்றின் ரீங்காரத்தை எழுப்பியவாறே ஓடுவான். செல்போணில் இப்பூச்சிகளின் இருப்பிடத்தையும் நடத்தையையும் இவனைவிட நன்கறிந்தவர் வேறெவரும் இருந்திருக்க மாட்டார். அவனுடைய பெயர் நூலில் இல்லை. ஆயின் வைற் அவனுக்கு ஓர் இலத்தீன் பெயரைச் சூட்டிவிடுகிறார்: தேனீ தின்னும் பறவையின் பெயரான 'மெறொப்ஸ் அபியாஸ்ரர்'. பறவைக்கும் பூவுக்கும் வகுத்த பகுப்புமுறை மனிதன்மேற் படியும்போது அதன் இயல்பு வெளிப்பட்டுவிடுகின்றது. எழுதியவரின் உள்ளத்தில் இகழ்ச்சி இருந்தது என்று கூறவேண்டியதில்லை. பரிவும் இருக்கின்றது, நகைப்பும் இருக்கின்றது. அவ்விரண்டுக்கும் மேலாக, இனங்காண்பவன் தானே என்ற ஐயமற்ற நம்பிக்கை இருக்கின்றது.

வைற்றுக்கு அடுத்து வந்த தோமஸ் பெவிக்கைப் பற்றிச் சுருக்கமாகக் கூறினாற் போதும். நியூகாசிலைச் சேர்ந்த இம்மரச் செதுக்குக் கலைஞர் பிரித்தானியப் பறவைகளின் வரலாற்றை 1797 இலும் 1804 இலும் இரு பாகங்களாக வெளியிட்டார். சார்லொற் புறொண்ரேயின் ஜேன் அயர் நாவல் (1847), கதாநாயகியாகிய சிறுமி யன்னலோரத்தில் அமர்ந்து இந்நூலைப் புரட்டும் காட்சியுடனேயே தொடங்குகின்றது. பறவை விளக்கங்களின் முடிவில் எஞ்சிய வெற்றிடங்களிற் பெவிக் செதுக்கிய சின்னஞ்சிறு படங்களில் மழையில் நனையும் பிச்சைக்காரரும், கால் இழந்த முதிய போர்வீரரும், தொலைவில் நிற்கும் தூக்குமரமும் இடம்பெறுகின்றன. பறவைகள் பற்றிய நூலொன்று தன் காலத்து வறியோரையும் விளிம்பிலேனும் ஏற்றுக்கொண்ட இத்தகைய நிகழ்ச்சி பின்வந்த கைந்நூல்களில் நேரவில்லை.

ஜோன் கிளெயர் வேறொரு நிலையில் நிற்பவர். வைற் மறைந்த அதே 1793 இல், நோதாம்ரன்ஷயரின் ஹெல்ப்ஸ்ரன் கிராமத்தில் விவசாயக் கூலியொருவரின் மகனாகப் பிறந்தவர். தாமும் கூலி வேலை செய்தவர். 1809 இல் நிறைவேறிய சட்டத்தின்கீழ் ஹெல்ப்ஸ்ரனின் பொதுநிலங்கள் வேலியடைக்கப்பட்டுத் தனியுடைமையாயின. கிளெயர் மாடு மேய்த்த புல்வெளியும் நடந்த பாதைகளும் அவர் கண்முன்னே மூடப்பட்டன. அவருடைய முதற் கவிதைத் தொகுதி 1820 இல் வெளிவந்தபோது அவருக்குக் கிடைத்த புகழ், 'பாட்டெழுதும் குடியானவன்' என்ற வியப்பின்பாற்பட்டதே. அவ்வியப்பு தீர்ந்ததும் புகழும் தீர்ந்தது.

கிளெயரின் பறவைக் கவிதைகள் பல, கூட்டிலிருந்து பறவையை இனங்காண்பவை. கூடு எந்த உயரத்தில் உள்ளது, எதனால் வேயப்பட்டது, முட்டைகள் எத்தனை, அவற்றின் நிறம் யாது என்பனவே அவருக்கு முதன்மையானவை. யெலோஹமர் என்னும் மஞ்சட் குருவியின் முட்டைகளில் மையாற் கிறுக்கியது போன்ற கோடுகள் காணப்படும். அதனால் கிராம மக்கள் அதனைக் 'கிறுக்கும் வானம்பாடி' என்று அழைத்தனர். எழுத்தறிவு அரிதாயிருந்த சமுதாயம் ஒன்று பறவையின் முட்டையில் எழுத்தைக் கண்டமை எண்ணத்தக்கது. நைற்றிங்கேல் பறவையைப் பற்றிய கவிதையிலும், முட்புதருள் ஊர்ந்து சென்று, காய்ந்த ஓக் இலைகளாலான கூட்டைக் கலைக்காமற் கண்டு திரும்பும் ஒருவனின் அனுபவமே பேசப்படுகின்றது. நகரத்தில் வாழ்ந்த கீற்ஸ் இயற்கையைத் தாம் கண்டவாறன்றித் தமது கற்பனைக்குத் தோன்றியவாறே எழுதினார் என்பது கிளெயரின் கருத்து. கீற்ஸின் கவிதைக்கு அது நியாயமான தீர்ப்பன்று. எனினும் நூலிற் கற்ற பறவைக்கும் புதருட் கண்ட பறவைக்கும் உள்ள வேறுபாட்டை அது தெளிவாகச் சுட்டுகின்றது.

இவ்விடத்தில் தமிழ் வாசகரைத் தொட்டுச்செல்லும் ஒரு செய்தியையும் குறிப்பிடலாம். நைற்றிங்கேலுக்குத் தமிழிற் பெரும்பாலும் 'குயில்' என்ற சொல்லே வழங்கப்பட்டு வந்துள்ளது. சரோஜினி நாயுடுவின் ஆங்கிலப் பட்டம் தமிழிற் 'கவிக்குயில்' ஆனதும் அவ்வாறே. குயில் கூடு கட்டுவதில்லை. காக்கையின் கூட்டில் முட்டையிடும். கீற்ஸை மொழிபெயர்ப்பதற்கு இம்மாற்றம் பெரிதும் இடையூறாகாது. அவருக்கு வேண்டியது குரலே. கிளெயரை மொழிபெயர்க்க முற்படுவோரோ முதல் அடியிலேயே தடுமாறுவர். கூட்டைப் பற்றிய கவிதையில் கூடில்லாத பறவையை எவ்வாறு வைப்பது? இனங்காணல் இலக்கியத்துக்குப் புறம்பான விடயம் என்று கருதுவோர் இதனைச் சற்றுச் சிந்தித்தல் வேண்டும்.

வைற்றின் நூலைப் பின்பற்றி ஹெல்ப்ஸ்ரனின் இயற்கை வரலாற்றைக் கடிதங்களாக எழுதக் கிளெயர் முயன்றார். அது அவர் காலத்தில் அச்சேறவில்லை. அவருடைய இயற்கை உரைநடைகள் 1983 இலேயே ஒக்ஸ்போட் பதிப்பாக முழுமையாக வெளிவந்தன. மதகுருவின் கடிதங்கள் பிரித்தானியாவில் மிகப் பெருந்தொகையான பதிப்புக்களைக் கண்ட நூல்களுள் ஒன்றாகிவிட்டிருக்க, கூலியாளரின் கடிதங்கள் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கையெழுத்துப் பிரதிகளாகக் கிடந்தன. லினேயசின் பகுப்புமுறையைக் கிளெயர் விரும்பவில்லை. தெரிந்த பூவைத் தெரியாத சொல்லால் மூடும் இருளாகவே அவர் அதனைக் கண்டார்.

இதுவரை கூறியவை மேற்சொன்ன வழக்கமான கருத்துக்கு அரண் செய்வனவே. ஆயின் கிளெயரின் வாழ்க்கையிலேயே அதற்கு மாறான சான்றும் உண்டு. 1832 இல் அவர் ஹெல்ப்ஸ்ரனை விட்டு நோத்பரோ என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தார். இடைத்தூரம் மூன்று மைல் அளவே. அம்மூன்று மைல் தூரத்தில் தாம் அந்நியராகிவிட்டதாக அவர் உணர்ந்தார். அதைப் பாடவும் செய்தார். 1837 முதல் மனநோயாளர் இல்லங்களிலேயே அவர் வாழ்வின் பெரும்பகுதி கழிந்தது. அவர் நோய்க்கு இடமாற்றத்தைக் காரணமாக்குவது மிகையாகும். ஆனால் ஒன்றைக் கூறலாம்: ஓரூரின் பெயர்களோடும் பாதைகளோடும் பிணைந்த அறிவு அவ்வூரின் எல்லையைக் கடப்பது அரிது. வேலியடைப்பினால் நிலமிழந்து ஆலை நகரங்களை நோக்கிப் பெயர்ந்த மக்களுக்கு அவ்வறிவு எவ்வளவு துணை செய்திருக்கும்?

அம்மக்கள் செய்ததைக் காண விரும்புவோர் லங்காஷயரை நோக்குதல் வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மான்செஸ்ரரைச் சூழ்ந்த ஊர்களில் கைத்தறி நெசவாளரும் பிற தொழிலாளரும் ஞாயிற்றுக்கிழமைகளில் மதுச்சாலைகளிற் கூடித் தாவரவியற் சங்கங்களை நடத்தினர். சேகரித்த செடிகளை மேசையிற் குவித்துவைப்பர். தலைவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பெயரைச் சொல்வார். அவர் சொல்லும் பெயர் இலத்தீன் பெயரே. பொதுப் பணத்தில் வாங்கிய நூல்கள் மதுச்சாலையிலேயே வைக்கப்பட்டிருந்தன. இச்சங்கங்களில் முதன்மை பெற்ற ஜோன் ஹோஸ்வீல்ட் (1792–1854) கைத்தறி நெசவாளர். லினேயசின் 24 வகுப்புக்களையும் ஒரு தாளில் எழுதித் தறியில் மாட்டிவைத்து, நெய்யும்போதே மனனஞ் செய்தவர் அவர். எலிசபெத் காஸ்கெல் தமது மேரி பாட்டன் நாவலில் (1848) ஜோப் லீ என்னும் பூச்சியியல் வல்ல தொழிலாளியைப் படைத்தபோது கற்பனையை மிகுதியும் நாடவேண்டியிருக்கவில்லை.

கிளெயருக்கும் ஹோஸ்வீல்டுக்கும் வயதில் ஓராண்டே வேறுபாடு. இருவரும் உழைப்பாளர். ஒருவர் இலத்தீனை மறுத்தார். மற்றவர் அதனைத் தறியில் மாட்டினார். இவர்களுள் எவர் மக்களின் பக்கம் நின்றவர் என்று கேட்பதிற் பொருளில்லை. ஹோஸ்வீல்டின் தோழர்கள் வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்தவர்கள். ஒரே செடி ஊருக்கொரு பெயர் பெற்றிருந்தது. இன்றும் 'புளூபெல்' என்றால் இங்கிலாந்தில் வசந்தகாலத்துக் காட்டுத்தரையை நிறைக்கும் நீலப்பூ. ஸ்கொத்லாந்தில் அது பெரும்பாலும் கோடையில் மேட்டுநிலத்தில் மலரும் வேறொரு மென்பூ. இத்தகைய குழப்பத்தைக் கடந்து ஒருவரோடொருவர் உரையாடவும், கற்ற கனவான்களோடு நிகராக நின்று வாதிடவும் அந்நெசவாளர்க்கு ஒரு பொதுமொழி வேண்டியிருந்தது. அம்மொழியை அவர்கள் பிறரிடம் இரந்து பெறவில்லை, உழைத்துக் கைப்பற்றினர். தமிழிற் கலைச்சொல்லாக்கம் பற்றி இலங்கையில் நிகழ்ந்துவந்த விவாதங்களில், அயற்சொல் என்றாலே அடிமைத்தனம் என்று வாதிடுவோர்க்கு அந்நெசவாளரின் தறி ஒரு மறுமொழியாகும்.

மேலும், இலத்தீன் பெயர் உயிரற்றது என்பதும் ஆராயாது கூறப்படுவதே. இங்கிலாந்தின் புளூபெல்லுக்கு அறிவியல் வழங்கிய சிறப்புப் பெயரின் பொருள் 'எழுதப்படாதது' என்பதாகும். கிரேக்கப் புராணத்தில் இறந்த இளைஞன் ஹயசிந்தசின் குருதியிலிருந்து பிறந்த மலரின் இதழ்களிற் புலம்பலின் எழுத்துக்கள் பொறிக்கப்பட்டிருந்தனவாம். இவ்வாங்கிலப் பூவில் அவ்வெழுத்துக்கள் இல்லை. ஆதலால் அது எழுதப்படாதது. கிராமத்தவர் முட்டையில் எழுத்தைக் கண்டனர். புலவர் பூவில் எழுத்தில்லாமையைக் கண்டார். இரண்டும் கவிதையின்பாற்பட்ட பெயர்களே. இவற்றுள் ஒன்றை மக்கள் பெயரென்றும் மற்றதை வறண்ட பெயரென்றும் பிரிப்பது எங்ஙனம்?

பெயரைப் பொருட்படுத்தாத பற்று எங்கே இட்டுச்செல்லும் என்பதற்கு வேட்ஸ்வேத்தின் நினைவுக்கல் எடுத்துக்காட்டு. செலண்டைன் என்னும் சிறு மஞ்சட் பூவை அவர் விரும்பிப் பாடியமையால், கிறாஸ்மியர்த் தேவாலயத்திலுள்ள அவரது நினைவுக்கல்லில் அப்பூ இடம்பெற வேண்டுமெனக் கருதப்பட்டது. செதுக்கப்பட்டதோ பெருஞ்செலண்டைன் என்று கூறுவர். கவிஞர் பாடியது சிறுசெலண்டைன். பளபளக்கும் எட்டு முதற் பன்னிரண்டு இதழ்களும் இதயவடிவ இலையும் உடையது. மற்றதற்கு நான்கே இதழ்கள். தண்டை ஒடித்தால் செம்மஞ்சட் பால் வடியும். இரண்டும் ஒரே குடும்பத்தையேனும் சேர்ந்தவையல்ல. பொதுப்பெயரின் ஒற்றுமை ஒன்றே இதற்கெல்லாம் காரணம்.

பெண்களின் நிலை குறித்துத் தனியே எழுதப்பட வேண்டும். ஒன்றை மாத்திரம் இங்குக் கூறலாம். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் வண்ணத்துப்பூச்சிகளைச் சேகரித்த எலினோர் கிளன்வில் 1709 இல் மறைந்தபின், அவருடைய மரணசாசனத்தை எதிர்த்து உறவினர் வழக்காடினர். வண்ணத்துப்பூச்சிகளைத் துரத்தித் திரிந்தமையே அவரது சித்தசுவாதீனமின்மைக்குச் சான்றாகக் காட்டப்பட்டது என்று மோசஸ் ஹரிஸ் 1766 இல் வெளியிட்ட நூலிற் குறிப்பிடுகிறார். சாசனம் தள்ளுபடியாயிற்று. இன்று அவருடைய பெயர் ஒரு வண்ணத்துப்பூச்சிக்கு வழங்குகின்றது. ஆணொருவர் அவ்வாறே துரத்தித் திரிந்திருப்பின் அது ஆராய்ச்சி எனப்பட்டிருக்கும்.

இருபதாம் நூற்றாண்டிற் கைந்நூல் சட்டைப்பைக்குள் நுழைகின்றது. 1937 இல் பிரெடெரிக் வோண் நிறுவனம் 'ஒப்சேவர்' வரிசையின் முதல் நூல்களாகப் பறவைகள், காட்டுப் பூக்கள் ஆகியவற்றுக்கான சிறு நூல்களை வெளியிட்டது. சிறுவரும் வாங்கத்தக்க விலை; பக்கத்துக்கோர் இனம். இதன் சமூகப் பயனைக் குறைத்து மதிப்பிடலாகாது. 1954 இல் பீற்றர்சன், மவுண்ட்போட், ஹொலம் ஆகிய மூவரும் வெளியிட்ட பிரித்தானிய, ஐரோப்பியப் பறவைக் கைந்நூலோ முற்றிலும் புதிய நோக்கொன்றைக் கொண்டுவந்தது. ஒத்த பறவைகள் ஒரே நிலையில் வரிசையாக நிற்கின்றன. வேறுபடுத்தும் குறியைச் சிறு கோடுகள் சுட்டுகின்றன: சிறகிலுள்ள வெண்பட்டை, கண்ணின் மேலுள்ள கோடு, வாலின் ஓரம். அமெரிக்கப் பறவைகளுக்குப் பீற்றர்சன் 1934 இலேயே கையாண்ட முறை இது.

இக்கோடு ஒரு நடைப்பாணி என்றே கொள்ளத்தக்கது. தேவையற்றதை முற்றாக நீக்கிவிட்ட சிக்கனமான நடை அது. பறவையைச் சுட்டுவீழ்த்திக் கையிலெடுத்துப் பார்க்கவேண்டிய தேவையை அது இல்லாதொழித்தது; இதற்காக மாத்திரமேனும் அதனைப் பாராட்டலாம். எனினும் அது கற்பிக்கும் பார்வை விரைந்த பார்வை. குறியைக் கண்டதும் வேலை முடிந்துவிடுகின்றது. பெயர் கிடைத்ததும் கண் அடுத்த பறவைக்குச் செல்கின்றது. வைற்றுக்குப் பெயர் ஆராய்ச்சியின் நடுவே வந்தது. கோட்டைத் தொடரும் வாசகனுக்குப் பெயரே முடிவு. அவ்வகையில் வைற்றின் மூன்று பறவைகள் இக்கைந்நூல்களுக்கு ஒரு சோதனை. பாட்டை அச்சிட முடியாத நூல் எழுத்துக்களைக் கூட்டி ஒலியை உணர்த்த முயல்கின்றது. பாடாத பறவையிடம் தோற்றுவிடுகின்றது. 2021 இல் கோணெல் பல்கலைக்கழகம், பாட்டைக் கேட்டுப் பெயர் சொல்லும் வசதியைத் தன் கைத்தொலைபேசிச் செயலியிற் சேர்த்தது. வைற்றின் செவி இப்போது கருவிக்கு வாய்த்திருக்கிறது. மனிதனுக்கு மீண்டதா என்பது வேறு கேள்வி.

பூச்சிகள் இம்முறையைப் பறவைகளைவிட அதிகம் அலைக்கழிக்கின்றன. ஏழுபுள்ளிப் பொறிவண்டு எளிது. சிவந்த முதுகில் ஏழு கரும்புள்ளிகள். ஆயின் ஆசியாவிலிருந்து செடிப்பேன்களைக் கட்டுப்படுத்துவதற்கென ஐரோப்பாவிற்குக் கொண்டுவரப்பட்டு, 2004 இல் இங்கிலாந்திற் காணப்பட்ட ஹாலெக்குயின் பொறிவண்டு, சிவப்பில் கருமையாகவும் கருமையிற் சிவப்பாகவும், பல புள்ளிகளோடும் புள்ளியே இன்றியும் தோன்றும். அதற்கு எந்தக் கோட்டை வரைவது? மஞ்சளும் கருமையும் கலந்த பட்டைகளோடு பூவின்மேல் அசையாது மிதந்து நிற்கும் ஹொவர் ஈ குளவியின் உடையை அணிந்துகொண்டு பறவைகளை ஏமாற்றுகின்றது. நூலைப் புரட்டுவோரையும் ஏமாற்றுகின்றது. நிறத்தை மறந்து சிறகை எண்ணுவோர்க்கே உண்மை புலப்படும். குளவிக்கு நான்கு சிறகுகள், ஈக்கு இரண்டு. ஈயின் உணர்கொம்பு குறுகியது, கண்கள் தலை நிறைந்தவை. பம்பிள் தேனீக்களுள் இரு பொதுவினங்களின் வேலைக்காரத் தேனீக்களை வயலில் வைத்துப் பிரித்தறிதல் வல்லுநர்க்கும் பெரும்பாலும் இயலாது. நல்ல நூல்கள் அதனை வெளிப்படையாகச் சொல்லிவிடுகின்றன. பிழையான உறுதியை விட இவ்வடக்கம் மேலானது.

பூக்களைப் பொறுத்தவரை இரண்டு நூல்களை ஒப்பிடலாம். டெவன் மாவட்டத்து மதகுருவாகிய கீபிள் மாட்டின் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் வரைந்த படங்கள், 1,486 இனங்களை உள்ளடக்கி, 1965 இல் அவரது 87 ஆவது வயதில் நூலாயின. தாளில் இடத்தை வீணாக்காது செடிகள் நெருக்கமாகப் பின்னி நிற்கும் அப்பக்கங்களின் அழகு மறுக்கவொண்ணாதது. ஆயினும் அது பூத்த செடிகளின் நூல். அருங்காட்சியகத்தின் அமைதி அதில் உண்டு. பிரான்சிஸ் றோஸ் 1981 இல் வெளியிட்ட நூலோ பூக்காத செடியையும் இலையைக்கொண்டு இனங்காணக் கற்பிக்கின்றது. ஆண்டின் பெரும்பகுதியும் செடிகள் பூவின்றியே நிற்கின்றன என்ற எளிய உண்மையை ஏற்றுக்கொண்டமையால், இவ்விரண்டாவது நூலே கூடுதலான மதிப்புக்குரியது. அழகில் அது பின்தங்கியதே.

பெயரைப் பற்றிய அண்மைக்கால விவாதமொன்றும் இங்குக் கருதத்தக்கது. ஒக்ஸ்போட் சிறுவர் அகராதியின் 2007 ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து ஓக் மரவிதை, புளூபெல், மீன்கொத்தி முதலியவற்றின் பெயர்கள் நீக்கப்பட்டுக் கணினி சார்ந்த சொற்கள் சேர்க்கப்பட்டன. 2015 இல் மாகிரட் அற்வூட் உட்பட எழுத்தாளர் 28 பேர் இதனை எதிர்த்துப் பகிரங்கக் கடிதம் எழுதினர். 2017 இல் றொபேட் மக்பாலனும் ஜக்கி மொறிசும் இழந்த சொற்களையே பொருளாகக்கொண்டு ஒரு படநூலை வெளியிட்டனர். அது பெருவரவேற்பைப் பெற்றது. நூல் அழகியது. அதனைச் சூழ்ந்து எழுந்த உணர்ச்சியோ முழுமையாக ஏற்கத்தக்கதன்று. சிறுவர் அகராதி சிறுவர் பேசும் சொற்களைப் பின்பற்றிற்று. அச்சொற்கள் அவர்கள் வாயிலிருந்து மறைந்தமைக்குக் காரணம் நிலத்திலேயே உள்ளது. 1930 களிலிருந்து இங்கிலாந்திலும் வேல்சிலும் பூக்கள் நிறைந்த புல்வெளிகளில் 97 வீதம் அழிந்துவிட்டதாகக் கணிக்கப்படுகின்றது. 1970 முதல் விளைநிலப் பறவைகளின் தொகை பாதிக்கும் கீழே வீழ்ந்துள்ளது. ஊர்க்குருவி 2002 முதல் அந்நாட்டின் அபாயப் பட்டியலில் இருக்கின்றது. கிளெயர் கண்ட வேலியடைப்பின் தொடர்ச்சியே இது. இயந்திரமும் இரசாயனமும் பின்னர் சேர்ந்துகொண்டன. இதனை விடுத்து அகராதித் தொகுப்பாளரோடு வழக்காடுவது வசதியான சினம்.

கைந்நூல்கள் இவ்விடயத்தில் எழுத்தாளரைவிட நேர்மையாக நடந்துகொள்கின்றன என்றே கூறவேண்டும். அவை புலம்புவதில்லை. பதிப்புக்குப் பதிப்பு இனத்தின் பெயருக்கு எதிரேயுள்ள சிறு குறிப்பு மாறுகின்றது: 'பொதுவானது' என்பது 'சிலவிடங்களிற் பொதுவானது' என்றாகிறது, பின்னர் 'அருகிவருவது' என்றாகிறது. வைற்றின் மூன்று பறவைகளுக்கு எதிரேயும் அவ்வாறே. சிஃப்சாஃபின் தொகை பெருகியுள்ளது. சில இப்போது குளிர்காலத்திலும் இங்கிலாந்திலேயே தங்கிவிடுகின்றன. வில்லோ வாப்ளர் தெற்கிற் குறைந்து வடக்கிலேயே நன்கு நிலைத்திருக்கின்றது. பீச் மர உச்சியிற் சிறகு நடுங்கப் பாடிய மூன்றாவது பறவை 2009 இல் அபாயப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது; செல்போண் அமைந்துள்ள தென்னிங்கிலாந்தின் பெரும்பகுதியில் அக்குரலைக் கேட்பது இன்று அரிது.